அளவுக்குப் பொறுப்பு யார்?



தராசைப் பற்றி நமக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. குர்ஆன் ஷரீபின் 83ஆவது சூரா, அளவையில் மோசம் செய்வோரின் பெயராலேயே அழைக்கப்படுவதை மதரஸாவில் ஓதிய சிறுவனும் அறிவான். இந்நாட்டின் 1972ஆம் வருடத்து எடை அளவைச் சட்டமோ, வியாபாரத் தராசுகளை ஆண்டுதோறும் பரிசோதித்து முத்திரையிட வேண்டுமென விதிக்கிறது. நிறுவை பிசகினால் பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரரே. வாங்க வந்தவர் அல்லர்.

இன்று வேறொரு தராசைப் பற்றிச் சிந்திப்போம். நோயாளி தம்மைத் தாமே அளந்துகொள்ளும் யந்திரங்கள் ஆஸ்பத்திரிகளிலும் கிளினிக்குகளிலும் வந்துவிட்டன. கையை நுழைத்துப் பொத்தானை அழுத்தினால், இரத்த அழுத்தமும் நாடித் துடிப்பும் சீட்டில் அச்சாகி வருகின்றன. எடை, உடற்சூடு, இரத்தத்திலுள்ள பிராணவாயு ஆகியவற்றைச் சொல்லும் யந்திரங்களும் உண்டு. தாதியரின் பளு குறைகிறது, வரிசையும் விரைகிறது. நன்மைதான். ஆனால், அளப்பவரும் அளக்கப்படுபவரும் ஒருவரே ஆகிவிட்டால், அளவு பிசகும்போது பதில் சொல்ல வேண்டியவர் யார்?

பிசகுவது அரிதன்று. கால்மேல் கால் போட்டிருந்தாலும், பேசிக்கொண்டிருந்தாலும், கை இருதய மட்டத்துக்குக் கீழே தொங்கினாலும், பட்டை கைக்குச் சிறியதாயிருந்தாலும் இரத்த அழுத்தம் கூடுதலாகக் காட்டும். 5 நிமிஷம் அமைதியாக உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றிய பிறகே அளக்க வேண்டும். பத்தாங் பெர்ஜுந்தை என்று முன்பு வழங்கிய பெஸ்தாரி ஜெயாவின் தோட்டப்புறத்திலிருந்து பஸ் ஏறி வந்து, மூச்சு வாங்க உட்காரும் மூதாட்டிக்கு இதை யார் சொல்வது? திரையில் தமிழ் இல்லையெனில் அவர் என்ன செய்வார்?

யந்திரத்துக்கு வஞ்சனை தெரியாது என்பர். மெய்தான், ஆயினும் அது ஒருவருக்கு நேராகவும் மற்றவருக்குக் கோணலாகவும் நிற்கக்கூடும். விரலில் மாட்டும் பிராணவாயு மானி, தோலினூடே ஒளியைச் செலுத்தி அளப்பது. அது கறுப்பின நோயாளிகளிடம் பிராணவாயுக் குறைவைக் காணத் தவறுவது, வெள்ளையரிடம் தவறுவதைப்போல் ஏறக்குறைய 3 மடங்கு என்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்டனர். கருநிற மேனியரான நம் மக்களுக்கு இது அயலார் செய்தியன்று. தராசை வைத்தவர், "எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்ப முடியுமா?

முற்காலத்தில் தோட்டத்துக்கு டிரெசர் இருந்தார். அவர்களைப் பதிவு செய்ய 1965இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. அவரிடம் கருவியும் சொற்பம், மருந்தும் சொற்பம். அந்நாளைப் போற்றிப் பாட வேண்டியதில்லை. ஆயினும் நாடியைப் பிடித்தவரால், "ராத்திரி தூங்கினாயா? சாப்பிட்டாயா?" என்று கேட்க முடிந்தது. யந்திரம் எண்ணைத் தரும். கேள்வியை மனிதரே கேட்க வேண்டும்.

"உடல் அல்லாஹ் தந்த அமானிதம். அதைக் காப்பது அவரவர் கடமை" என்று சிலர் வாதிக்கலாம். மறுப்பதற்கில்லை. 2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பில், மலேசியப் பெரியவர்களில் 100க்கு 29 பேருக்கு இரத்தக் கொதிப்பும், 100க்கு ஏறத்தாழ 16 பேருக்கு நீரிழிவும் இருப்பதாகத் தெரிந்தது. நாள் முழுதும் கல்லாவில் உட்காரும் நாம், அளக்காமலே இருப்பது அமானிதத்தில் செய்யும் அலட்சியமாகும். ஆனால் இயலாதவர்மீது முழுப் பாரத்தையும் சுமத்துவது நீதியாகாது. பர்ளு ஐன், பர்ளு கிபாயா என்று கடமைகளைப் பகுத்தறியும் நாம், இங்கும் பகுத்துப் பார்ப்போம். கருவி நேராயிருப்பது அதை வைத்தவர் பொறுப்பு. முறையோடு அமர்ந்து அளப்பது தெரிந்தவர் பொறுப்பு. தெரியாதவருக்குத் துணை நிற்பது நம் அனைவரின் பொறுப்பு; ஒருவரும் செய்யாவிடில் குற்றமும் அனைவருக்கும் உரியது.

ஆகவே, கோலசிலாங்கூர் முதல் சபாக் பெர்ணம் வரை கடை நடத்தும் சகோதரர்களே, உங்கள் சிப்பந்தியோ, அண்டை வீட்டு முதியவரோ ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டால் ஒருவரைத் துணைக்கு அனுப்புங்கள். சற்று ஓய்ந்தபின் அளக்கச் சொல்லட்டும். எண்ணில் ஐயமிருந்தால் தாதியிடம் மறுபடி அளக்கும்படி கேட்கட்டும். இனம் பாராமல் இதைச் செய்யுங்கள்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றனர் முன்னோர். பொருளுக்கே அவ்வளவு கவனமென்றால், உயிருக்கு எவ்வளவு வேண்டும்! வல்ல அல்லாஹ் நம் அளவைகள் அனைத்தையும் நேராக்கியருள்வானாக. ஆமீன்.