நட்டவர்க்கு உரியது யாது?

சொத்துரிமை என்னும் எண்ணம் மனித உள்ளத்தில் எவ்வாறு வேரூன்றுகின்றது என்பதைச் சிறுவன் ஒருவனுக்கு உணர்த்த விரும்பிய ரூசோ, 1762இல் வெளிவந்த தமது 'எமீல்' என்னும் நூலில் அவனை ஒரு தோட்டத்துக்கு அழைத்துச் செல்கின்றார். சிறுவன் அவரை விதை நடுகின்றான். நாள்தோறும் நீர் வார்க்கின்றான். முளை கண்டு மகிழ்கின்றான். உன் காலமும் உழைப்பும் இதனுட் கலந்துள்ளன, ஆதலின் இஃது உன்னுடையது என்று ஆசிரியர் அவனுக்குக் கூறுகின்றார். ஒரு நாள் சென்று பார்க்கையிற் செடிகள் யாவும் பிடுங்கியெறியப்பட்டுக் கிடக்கின்றன. பிடுங்கியவன் தோட்டக்காரன். ஆனால் அவனிடத்தும் ஒரு முறைப்பாடு உண்டு. அதே இடத்தில் அவன் முன்னரே இட்டிருந்த அரிய முலாம்பழ விதைகளை அவரை நட்டவர்கள் அழித்துவிட்டனர். விளைவிற் பாதி தருவதாக ஆசிரியர் கூறி ஒரு மூலையைக் கேட்க, பாதி வேண்டாம், என் பழங்களிற் கைவைக்காதிருந்தாற் போதும் என்று தோட்டக்காரன் இணங்குகின்றான்.

கதை இவ்வாறு இனிது முடிவதற்கு ஒரு காரணம் உண்டு. இருவரும் நட்டவர்கள், ஆகவே ஒருவன் இழப்பை மற்றவன் அறிவான். நட்டவனுக்கும், எதனையும் நடாத உரிமையாளனுக்கும் இடையே வழக்கு எழுந்தால் நீதி எப்பக்கம் நிற்கும் என்பது ரூசோ எழுப்பாத வினா. நகரங்களிலே பொதுக்காணிகளில் மக்கள் கூடி மரம் நட்டுத் தோட்டம் வளர்க்கத் தொடங்கிய பின்னரே அவ்வினா கூர்மை பெற்றது.

நியூயோர்க் மாநகரில் இவ்வழக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நீடித்தது. 1970களில் அந்நகரம் நிதி நெருக்கடிக்குள்ளாகி, 1975இல் முறிவின் விளிம்பை எட்டியது. மன்ஹட்டனின் கீழ்க்கிழக்குப் பகுதி, தென் புரொங்ஸ், புரூக்ளின் ஆகிய இடங்களில், வாடகையால் ஆதாயமில்லை எனக் கண்ட சொந்தக்காரர் பலர் தம் கட்டடங்களைக் கைவிட்டனர், பல தீக்கிரையாயின. வரி நிலுவைக்காக அவை மாநகர நிர்வாகத்தின் கைக்கு வந்தன. இடிக்கப்பட்ட இடங்களிற் செங்கற் குவியலும் குப்பையும் எலியுமே எஞ்சின. 1973இல் லிஸ் கிறிஸ்ரி என்னும் ஓவியரும் அவர்தம் நண்பரும் பவுரி வீதியும் ஹவுஸ்டன் வீதியும் சந்திக்கும் மூலையில் அத்தகைய காணியொன்றைத் துப்புரவாக்கி மண் நிரப்பிப் பயிரிட்டனர். பசுமைக் கெரில்லாக்கள் எனத் தமக்குப் பெயரிட்டுக்கொண்ட இவர்கள், விதையும் உரமும் அடைத்த பலூன்களை அடைபட்ட காணிகளின் வேலிக்கு மேலாக எறிந்ததும் உண்டு. மாநகர நிர்வாகம் 1974இல் அம்மூலைக் காணியை மாதம் ஒரு டொலர் வாடகைக்கு அவர்களிடம் விட்டது. 1978இல் இத்தகைய தோட்டங்களுக்கெனக் 'கிறீன் தம்' என்னும் திட்டத்தையே தொடங்கியது. புவேட்டோ ரிக்கோவிலிருந்து குடியேறியோர் தம் தோட்டங்களில் ஊர்ப் பாணியிலான சிறு மரவீடு கட்டிக் கோழியும் வளர்த்தனர். தென் மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பின மக்கள் தம் ஊர்க் கீரைகளை விளைவித்தனர். ஆயினும் அவர்கள் ஒப்பமிட்ட பத்திரம், குறுகிய கால அறிவித்தலோடு காணியை மீளப்பெறும் உரிமையை நிர்வாகத்துக்கே வைத்திருந்தது.

அவ்வுரிமை பின்னர் பயன்படுத்தப்பட்டது. 1999இல் நகரபிதா ஜூலியானி 114 தோட்டங்களை ஏலத்தில் விற்க முற்பட்டார். எதிர்த்தவர்களை நோக்கி, இது சந்தைப் பொருளாதாரம், பொதுவுடைமைக்குப் பிற்பட்ட காலத்துக்கு வாருங்கள் என அவர் எள்ளினார். இரு பொதுநல அமைப்புகள் ஏறத்தாழ 42 இலட்சம் டொலர் கொடுத்து அத்தோட்டங்களை வாங்கியமையால் ஏலம் நடைபெறவில்லை. ஆனால், 2000 பெப்ரவரியில் கிழக்கு ஏழாம் வீதியிலிருந்த எஸ்பரான்சாத் தோட்டம், காவல் நின்றோர் கைது செய்யப்பட்டபின் அழிக்கப்பட்டது. அன்றே, சில மணி நேரத்துக்குப் பின், தோட்டங்களை அழித்தலுக்கு எதிரான நீதிமன்றத் தடையுத்தரவு வந்தது.

நட்டவர் சார்பில் முதலில் அழைக்கப்படும் சான்று ஜோன் லொக். 1689இல் வெளிவந்த அரசியல் நூலில், பொதுவாய்க் கிடக்கும் பொருளில் ஒருவன் தன் உழைப்பைக் கலக்கும்போது அது அவனுடையதாகின்றது என்றும், நிலத்தின் பெறுமதியிற் பெரும்பகுதி உழைப்பினாலேயே விளைகின்றது என்றும் அவர் வாதித்தார். செங்கற் குவியலை மண்ணாக்கியவர்க்கு இதனினும் வாய்ப்பான வாதம் வேறில்லை எனத் தோன்றும். ஆனால் லொக்கைத் தொடர்ந்து படிப்பவர் அங்கேயே ஒரு தடையைக் காண்பர். இங்கிலாந்தின் பொது மேய்ச்சல் நிலம் போன்று, சட்டத்தினாலும் உடன்பாட்டினாலும் ஒரு சமூகத்துக்குப் பொதுவாய் வைக்கப்பட்ட நிலத்தைப் பங்காளிகள் அனைவரின் இசைவின்றி எவரும் தமதாக்க முடியாது என அவரே விலக்குச் செய்கின்றார். மாநகரக் காணி அவ்வகையினது. எண்பது இலட்சம் மக்களுக்கு உரிய நிலத்தில் இருபது பேர் தக்காளி நட்டதனால் அஃது இருபது பேருக்கு உரியதாகிவிடும் என்று சொல்ல லொக் உதவமாட்டார். தோட்டத்தை நேசித்தவர்கள் இவ்விடத்தைப் பெரும்பாலும் விரைந்து கடந்துவிட்டனர்.

கான்ற் இன்னுங் கடுமையானவர். 1797இல் வெளியிட்ட ஒழுக்கவியல் நூலில், நிலத்தைப் பண்படுத்தல் உரிமையைத் தோற்றுவிப்பதன்று, ஒருவன் நிலத்தைக் கைக்கொண்டான் என்பதற்கான புற அடையாளம் மாத்திரமே என்றார். முன்னரே தனதல்லாத நிலத்தில் உழைத்தவன் தன் பாட்டை இழந்தவனே. இக்கூற்று இரக்கமற்றதாகத் தோன்றினும் இதில் ஒரு சொல் கவனிக்கத்தக்கது. உழைப்பு ஓர் அடையாளம் என்பது ஒப்புக்கொள்ளப்பட்டால், அடையாளம் எவராலோ வாசிக்கப்பட வேண்டியது என்பதும் உடன் வரும்.

சட்டங்கள் தத்துவவாதிகளைவிட நெகிழ்வுடையன. நட்டது நிலத்தைச் சாரும் என்பது உரோமச் சட்டத்தின் கொள்கை. இலங்கையில் வழங்கும் உரோம-டச்சுச் சட்டம் அக்கொள்கையை ஏற்பினும், நன்னம்பிக்கையோடு நிலத்தை ஆண்டு மேம்படுத்தியவன் தன் செலவுக்கு ஈடு பெறும்வரை நிலத்தைத் தன்வசம் வைத்திருக்க இடந்தருகின்றது. 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த அதிகாரியாற் தொகுக்கப்பட்ட யாழ்ப்பாணத்துத் தேசவழமை ஒருபடி மேலே செல்கின்றது. பிறன் நிலத்தில் இசைவோடு மரம் நட்டவனுக்கு மரத்திற் பங்குண்டு. கன்று யாருடையது என்பதைப் பொறுத்துப் பங்கின் அளவு வேறுபடும். மண் ஒருவனுக்கும் மரம் மற்றொருவனுக்கும் உரியதாகலாம் என்ற எண்ணம், வேலிக்கு மேலால் வளைந்த ஒரு கொப்புக்காகத் தலைமுறை தலைமுறையாய் வழக்காடத் தெரிந்த சமூகத்துக்கு இயல்பானதே. எனினும் இவையெல்லாம் பங்கும் ஈடும் பற்றியவை. பொதுக்காணியில் நட்டவர் பலர் வேண்டியது ஈடன்று. இத்தனை டொலர் தருகின்றோம், இருபதாண்டு வளர்ந்த பீச் மரத்தை வெட்டுகின்றோம் என்று கூறியிருந்தால் அவர்கள் மனம் ஆறியிராது.

அவர்கள் வேண்டியது யாதென அறியச் சங்கப் பாடலொன்று துணைசெய்யும். நற்றிணை 172ஆம் செய்யுளில், தோழியரோடு விளையாடிய சிறுமி மணலிற் புதைத்து மறந்த புன்னை விதை முளைக்கின்றது. அதனை நெய்யும் பாலும் ஊட்டி வளர்க்கின்றனர். இம்மரம் உன்னிலும் சிறந்தது, இஃது உன் தங்கை எனத் தாய் சொல்லிவைத்தாள். பின்னர் தலைவன் வந்தபோது அம்மர நிழலில் அவனோடு நகையாட நாணுவதாகக் கூறப்படுகின்றது. இங்கே நட்டவர் புன்னையை எமது என்று கூறவில்லை என்பது நோக்கத்தக்கது. நட்டமையால் அவர்களுக்கு வந்தது உடைமையன்று, உறவு. அவ்வுறவு முதலில் கட்டுப்படுத்துவதும் பிறரையன்று, நட்டவரையே.

உறவு கடமையைத் தருமாயின் உரிமையைத் தராதா? வளர்ப்புத் தாயை எண்ணிப் பார்க்கலாம். குழந்தை அவளது உடைமையன்று. பெற்றவள் வந்து கேட்கவுங்கூடும். ஆயினும் அவளை ஒரு வார்த்தை கேளாமற் குழந்தையைத் தூக்கிச் செல்லும் நீதிமன்றத்தை நீதிமன்றம் என எவரும் மதியார். பொதுக்காணியில் நட்டவரின் உரிமையும் அத்தகையது எனலாம். நிலத்தை வைத்திருக்கும் உரிமை அவருக்கில்லை. நிலத்தைப் பற்றிய முடிவு எடுக்கப்படுமிடத்தில் இருக்கும் உரிமை உண்டு. மரம் குழந்தையன்று என்ற மறுப்பு நியாயமானதே. ஆதலாற்றான் இவ்வுரிமை பேசப்படும் உரிமையாக நிற்கின்றதேயன்றித் தடுக்கும் உரிமையாக வளர்வதில்லை. நியூயோர்க் நிர்வாகம் இழைத்த தவறு நிலத்தை மீளக் கேட்டமையன்று. மாநகரப் பதிவேடுகளில் அத்தோட்டங்கள் வெற்றுக் காணிகள் என்றே குறிக்கப்பட்டிருந்தன. இருபதாண்டு மரங்கள் நின்ற இடத்துக்கு வெற்றுக் காணி என்ற பெயர்! கான்ற் கூறிய புற அடையாளம் வேலிக்கு வெளியே கிளை நீட்டிக்கொண்டிருந்தது; அதனை வாசிக்க மறுத்தனர்.

இக்கோட்பாட்டை உரைத்துப் பார்க்க வேண்டிய கல் ஒன்றுண்டு. எல்ட்றிட்ஜ் வீதியில் அடம் பேர்ப்பிள் என அறியப்பட்ட ஒருவர், மத்திய பூங்காவிலிருந்து குதிரைச் சாணத்தைச் சைக்கிளில் ஏற்றி வந்து, வட்டத்துக்குள் வட்டமாக விரியும் ஒரு தோட்டத்தை 1970களின் நடுப்பகுதி முதல் உருவாக்கினார். ஏறத்தாழ 15,000 சதுர அடி. பழமரமும் கொட்டை மரமுமாக 45. ஏதேன் தோட்டம் எனப் பெயர் பெற்ற அதனை 1986 ஜனவரியில் இயந்திரங்கள் அழித்தன. அவ்விடத்தில் எழுந்தது அங்காடியன்று. வருவாய் குறைந்தோருக்கான பொது வீடமைப்பு. மரத்துக்காகக் கண்ணீர் விடுவோர், குளிர்காலத்தில் வெப்பமூட்டிய அறையின்றி வாழும் குடும்பத்தின் முன் அக்கண்ணீரை நியாயப்படுத்த வேண்டும். அது எளிதன்று. ஒரு தனிமனிதரின் கைவண்ணமாய் விளங்கிய அத்தோட்டத்தைச் சமூகத் தோட்டம் எனலாமா என்பதும் ஐயமே. பூட்டிய கதவுக்குப் பின்னால் ஒரு சிலர் பேணும் எந்தத் தோட்டத்துக்கும் இவ்வையம் பொருந்தும். குறித்த நேரம் பொதுமக்களுக்குத் திறந்திருத்தல் வேண்டுமென விதி செய்தமை தக்கதே. எனினும் ஏதேன் தோட்டத்தை உள்ளடக்கியே வீடுகளை அமைக்கும் மாற்று வரைபடங்களைக் கட்டடக் கலைஞர்கள் முன்வைத்திருந்தனர், அவை ஏற்கப்படவில்லை. வீடா, மரமா என்று எடைபோட்டு வீடு தெரிவு செய்யப்பட்டிருப்பின் குறைகூற இடமில்லை. தராசின் ஒரு தட்டிலே எதுவுமே வைக்கப்படவில்லை என்பதே குறை.

வீடு என்ற நியாயமும் எங்கும் உண்மையாய் இருந்ததில்லை. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் தென்பகுதியில் 14 ஏக்கர் நிலத்தை, குப்பை எரிக்கும் நிலையம் அமைப்பதற்கென மாநகர நிர்வாகம் 1980களிற் சுவீகரித்தது; அயலவர் எதிர்க்கவே அத்திட்டம் கைவிடப்பட்டது. 1992ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின் அந்நிலம் அப்பகுதி மக்களின் பயிர்ச்செய்கைக்கு விடப்பட்டது. மெக்சிக்கோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்த ஏறத்தாழ 350 குடும்பங்கள் அங்கே சோளமும் வாழையும் முட்கள்ளியும் வளர்த்தன. 2003இல் நிலம் முன்னைய உரிமையாளருக்கு விற்கப்பட்டது. 2006 ஜூன் 13ஆம் நாள் அவர்கள் வெளியேற்றப்பட்டனர். அதன்பின் பத்தாண்டுக்கு மேலாக அந்நிலம் வெறுமையாகவே கிடந்தது. அப்போதுதான் வெற்றுக் காணி என்ற சொல் அதற்குப் பொருந்தியது.

உழைப்பைப் பற்றிய இன்னொரு கசப்பும் உண்டு. நியூயோர்க் தோட்டங்களை ஆராய்ந்து 2008இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, தோட்டம் திறக்கப்பட்டபின் அயலிலுள்ள காணிகளின் விலை உயர்ந்ததெனவும், ஏழைப் பகுதிகளில் அவ்வுயர்வு மிகுதியெனவும் காட்டியது. அயலிலுள்ள நிலத்திலுங்கூட உழைப்புக் கலந்தது என்றே இதற்குப் பொருள். ஆனால் அக்கலப்பின் பயன், குப்பையை அள்ளியவர் கைக்கு வரவில்லை. வாடகைப் பற்றுச்சீட்டாக அவர் வீட்டு வாசலுக்கே வந்தது. லொக் தம் வாதத்தை எழுதுகையில் உழைத்தவனே வாடகைக் குடியாயிருப்பான் என்பதை எண்ணிப் பார்த்தவராகத் தெரியவில்லை.

2002 செப்ரெம்பரில் மாநில சட்டத்துறைத் தலைவருக்கும் புதிய நகரபிதாவுக்கும் இடையே ஏற்பட்ட உடன்பாடு வழக்கை ஒருவாறு முடித்தது. பெரும்பாலான தோட்டங்கள் காக்கப்பட்டன. ஒரு பகுதி வீடமைப்புக்கு விடப்பட்டது. ஒரு தோட்டத்தை எடுக்க முன்னர் அதில் உழைப்போருக்கு அறிவித்தல் வேண்டும், அரை மைல் தூரத்துள் மாற்றுக் காணி இருப்பின் காட்டுதல் வேண்டும் என்னும் நடைமுறையும் வகுக்கப்பட்டது. கேட்கப்படும் உரிமை இவ்வாறு முதன்முறையாக எழுத்தில் ஏறியது. மாற்றுக் காணிக்கு மரத்தைக் கொண்டுசெல்ல முடியாது. ரூசோவின் சிறுவனும் தனக்குக் கிடைத்த மூலையில் மீண்டும் விதையிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது.