பேரேட்டில் ஏறாத பெயர்

வியாபாரப் பெருமக்களே! நாயகம் (ஸல்) அவர்களைப் பெற்றவர் ஆமினா, பாலூட்டியவர் ஹலீமா என்று நம் வீட்டுச் சிறுபிள்ளையும் சொல்லும். பாட்டனாரைப் பெற்ற தாயின் பெயர் என்னவென்று அதே பிள்ளையிடம் கேளுங்கள். பிள்ளை விழிக்கும், நாமும் விழிப்போம்.

காம்பாரில் ஈயம் கொழித்த காலத்தில், நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி இங்கே கடை வைத்த முன்னோரைப் பெருமையோடு பேசுகிறோம். அவர்களுக்கு முதல் எங்கிருந்து வந்தது? மனைவியின் நகையும் தாயின் நகையும் முதலாக மாறிய கதை எத்தனை வீடுகளில் உண்டு!

அந்த நகை அன்பளிப்பா, கடனா? மஹரும் நகையும் பெண்ணின் சொந்தச் சொத்து என்பது ஷரீஅத். மனமுவந்து கொடுத்திருந்தால் அது நன்றிக் கடன். திருப்பித் தருவதாக வாங்கியிருந்தால் தீர்க்க வேண்டிய கடன். கடனை எழுதிவைக்கச் சொல்லும் வேதத்தை ஓதும் நாம், அவர் பெயரை எந்தப் பேரேட்டில் எழுதினோம்?

1941 டிசம்பர் 30 முதல் நான்கு நாட்கள் காம்பாரில் போர் நடந்தது. பின்னர் 1945 வரை ஜப்பானியர் ஆட்சி. இங்கிருந்து பணம் போக வழியற்ற அந்த ஆண்டுகளில், ஊரில் பிள்ளைகளைப் பசியாற்றியவர் யார்? அதுவும் எழுதாத கணக்கே.

“பெண்ணின் பெயரைச் சபையில் சொல்வது அழகல்ல” என்பார் சிலர். கி.பி. 845-ல் மறைந்த இப்னு ஸஅத், தம் ‘தபகாத்’ நூலின் இறுதிப் பகுதியைப் பெண்களுக்கென்றே ஒதுக்கிப் பெயர் பெயராக எழுதினார். கதீஜா நாயகி (ரலி) அவர்களின் வியாபாரத்தை அறியாத முஸ்லிம் உண்டா? மறைக்க வேண்டியது அந்தரங்கம், பெயரன்று.

தேட வழியுண்டு. ஊர் ஜமாஅத்தின் பழைய நிக்காஹ் தஃப்தரில் மணமகளின் பெயரையும் மஹரையும் பாருங்கள். கீழக்கரை, காயல்பட்டினத்தில் வீடு பெண்மக்களுக்குப் போகும் வழக்கமிருப்பதால் பத்திரங்களையும் பாருங்கள். பெட்டியடியில் அரபுத்தமிழ்க் கடிதம் கிடைத்தால், எறிந்துவிடாமல் வாசிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். பாட்டனார் இங்கே மலாய்ப் பெண்ணை மணந்திருந்தால், அவர் பெயரையும் மறைக்க நமக்கு உரிமையில்லை. எல்லாவற்றுக்கும் முன், வீட்டிலிருக்கும் மூதாட்டியிடம் இன்றிரவே கேளுங்கள். தஃப்தர் காத்திருக்கும், அவர் ஆயுள் காத்திராது.

கடனென்று தெரியவந்தால், பங்கு கிடைக்காமல் விடுபட்ட அவருடைய வாரிசுகளைத் தேடிக் கொடுங்கள். வாரிசு அகப்படாவிட்டால் அவர் பெயரால் தருமம் செய்யுங்கள். கடன் இல்லையென்றே தெரிந்தாலும் நஷ்டமில்லை: துஆச் செய்யும்போது சொல்வதற்கு ஒரு பெயராவது கிடைத்திருக்கும்.