‘சும்மா துடைக்கிறேன்’ என்று சொல்லாதே, தம்பி!

ஜொகூர் பாருவில் கார் கோட்டிங் பட்டறையில் நிற்கும் தம்பியே! கல்யாண வீட்டில் சொந்தக்காரர் “இப்போ எங்கேப்பா வேலை?” என்று கேட்டால் ஏன் உன் குரல் தாழ்ந்துபோகிறது? “சும்மா, கார் துடைக்கிறேன்” என்கிறாய். அந்தச் ‘சும்மா’வை இன்றோடு தலைமுழுகு. உன் கை என்ன செய்கிறது என்று உனக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன், கேள்.

காரின் நிறத்துக்கு மேல் நிறமில்லாத ஒரு பூச்சு உண்டு. கிளியர் கோட் என்று நீ தினமும் சொல்லும் அதுதான். பெரும்பாலான கார்களில் அதன் தடிமன் 40 முதல் 50 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. பூமத்திய ரேகையை ஒட்டிய இந்த ஊரின் வெயிலையும் மழையையும் பறவை எச்சத்தின் அமிலத்தையும் கார் தாங்கி நிற்பது அதை நம்பித்தான். சிலந்தி வலைபோல் படர்ந்த கீறலை எடுக்க நீ காம்பவுண்டு போட்டு மெஷினை ஓட்டும்போது, அதிலிருந்து ஒன்றிரண்டு மைக்ரானைச் சீவி எடுக்கிறாய். கதவு ஓரத்திலும் பானட் மடிப்பிலும் பூச்சு மெலிந்திருக்கும். அங்கே பேடு கொஞ்சம் அழுந்தி நின்றுவிட்டால் அடிநிறம் கிளம்பிவிடும், பிறகு பெயிண்ட் அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்த இடம் வந்ததும் நீ கையை இலேசாக்குகிறாய். யார் சொல்லி? உன் மணிக்கட்டு சொல்லி! இதற்கா ‘சும்மா’ என்று பெயர்?

இந்த மணிக்கட்டு உனக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? உன் தாத்தா ரெங்கத்திலோ கூலாயிலோ உலு திராமிலோ பால்மரம் சீவியிருப்பார். விடியுமுன் நெற்றி விளக்கு வெளிச்சத்தில் மரத்துக்கு மரம் ஓடிப் பட்டையைச் சீவினார். கத்தி ஒரு மில்லிமீட்டர் ஆழமாக இறங்கினால் மரத்தின் உயிர்ப்படலம் காயப்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். மேலோட்டமாக இழுத்தால் மங்கில் பால் விழாது. இரண்டுக்கும் நடுவே, அளவுகோல் இல்லாமல், நூற்றுக்கணக்கான மரங்களில் அந்த ஆழத்தைப் பிடித்த மனிதரைக் கூலி என்று அழைத்தார்கள். 1876-இல் பிரேசிலிலிருந்து போன ரப்பர் விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, மலாயாவில் அவர் சீவிய மரங்களாகிச் செல்வம் கொழிக்கச் செய்தன. தாத்தாவின் திறமைக்கு யாரும் சான்றிதழ் கொடுக்கவில்லை. கேட்கும் நிலையில் அவரும் இல்லை. நீ இருக்கிறாய். கேள்!

கேட்பதற்கு முன்னால், செய்யும் வேலையின் காரணத்தைத் தெரிந்து வைத்துக்கொள். செராமிக் கோட்டிங் போடும் அந்த ஒரு நிமிடத்தைப் பார். களிக்கட்டியால் வழித்து, பாலிஷ் முடித்து, எண்ணெய்ப் பிசுக்கை ஆல்கஹாலால் துடைத்தாயிற்று. துணி சுற்றிய கட்டையில் நாலு சொட்டு விடுகிறாய். இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் முதலில் நெடுக்காக, பிறகு குறுக்காக இழுக்கிறாய். கரைப்பான் ஆவியாகிறது, தகட்டின் மேல் வானவில் நிறம் ஓடுகிறது. எப்போது துடைத்தெடுப்பது? வேலையின் உயிரே இந்தக் கேள்விதான். அவசரப்பட்டால் பூச்சு பிடிக்காமல் துணியோடு வந்துவிடும். தாமதித்தால் இறுகி மேடு தட்டிவிடும். அதை எடுக்க மறுபடி மெஷினைத் தூக்க வேண்டும். குளிர்நாட்டில் எழுதிய நேரக்கணக்கு நம் ஊர்ப் புழுக்கத்துக்கு ஒத்துவராது. காற்றின் ஈரம் இந்தப் பூச்சை இறுக்கும். சூடு கரைப்பானை விரட்டும். அதனால் நீ கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. தலையைச் சாய்த்து, விளக்கொளியில் நிறம் மாறுவதைப் பார்க்கிறாய். முதல் துணியால் சமன்செய்து, இரண்டாவது துணியால் மெருகேற்றுகிறாய். தரையில் விழுந்த துணியை மறுபடி காரில் வைக்க மாட்டாய். ஒரு மணல் போதும், ஒரு நாள் உழைப்பு பாழ்.

எத்தனை பேருக்குத் தெரியும் இது? 1924-இல் முறையாகத் திறக்கப்பட்ட ஜொகூர்–சிங்கப்பூர் தரைப்பாலத்தைத் தாண்டி சிங்கப்பூர்க்காரர் உன்னிடம் காரைக் கொண்டுவருகிறார். அங்கே பத்தாண்டு கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றின் விலை மட்டுமே 2023-இல் ஒரு லட்சம் சிங்கப்பூர் வெள்ளியைத் தாண்டியது. கூலி குறைவு என்பதால் வருகிறார், உண்மைதான். ஆனால் மலிவுக்காக மட்டும் யாரும் அவ்வளவு விலை கொடுத்த பொருளைத் தெரியாத கையில் ஒப்படைப்பாரா? உன் கையை நம்புகிறார். அவர் நம்பும் கையை நீ நம்ப மாட்டாயா?

“பள்ளி இறுதித் தேர்வு எஸ்பிஎம் சரியாக எழுதவில்லையே அண்ணே” என்பாய். எழுதாவிட்டால் என்ன? மலேசியத் திறன் சான்றிதழ், எஸ்கேஎம், அதற்குத்தான் இருக்கிறது. வகுப்பில் உட்கார்ந்துதான் வாங்க வேண்டும் என்பதும் இல்லை. முந்தைய அனுபவத்தை அங்கீகரிக்கும் ‘பிபிடி’ என்ற வழி திறந்தே கிடக்கிறது. பட்டறையில் செய்த வேலைகளை ஆவணமாகத் தொகுத்துக் காட்டி மதிப்பீட்டுக்கு உட்பட வேண்டும். நம் பிள்ளைகள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்! நூறு கார் செய்திருப்பான், ஒரு படம் இருக்காது. இன்று முதல் ஒரு நோட்டுப் புத்தகம் வை. வேலைக்கு முன் ஒரு படம், பின் ஒரு படம். எந்தப் பேடு, எந்த மருந்து, எத்தனை நிமிடம், எங்கே மேடு தட்டியது, எல்லாவற்றையும் எழுது. முதலாளி சிரித்தால் சிரிக்கட்டும்.

“சொந்தமாகத் தொழில் தொடங்க முதல் போடப் பணமில்லையே” என்பது அடுத்த சாக்கு. வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றுக் கிளம்பிய நாளில், 1960-இல், துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்வெட்டுத் தொழிலாளிகள் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப்பணம் கட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள். அவர்களுடைய பேரன் ஒரு பாலிஷ் மெஷினுக்கும் இரண்டு வாளிக்கும் வழியில்லை என்று உட்காரலாமா? அரசின் டெக்குன் நேஷனலில் இந்தியத் தொழில்முனைவோருக்கென்றே ‘ஸ்புமி’ கடன் திட்டம் இருக்கிறது. போய் விசாரி. ஒரு கவுண்டரில் இல்லை என்றால் அடுத்த கவுண்டரில் கேள்.

மலேசிய நிறுவன ஆணையமான எஸ்எஸ்எம் அலுவலகத்தில் தொழில் பதிவு செய்ய, உன் அடையாள அட்டைப் பெயரிலேயே என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளிதான். வேறு கடைப்பெயர் வைத்தால் 60. முப்பதே போதும். படிவத்தை வாங்கு, அப்பா பெயரோடு சேர்த்து உன் முழுப் பெயரையும் எழுது, தொழில் என்ற இடத்தில் ‘வாகனப் பூச்சுப் பராமரிப்பு’ என்று தடித்த எழுத்தில் நிரப்பு.