அயாமி சாத்தோவின் கர்வ்பால்

தம்பி, தங்கை! உனக்கு வேகம் போதாது, உயரம் போதாது என்று யாரோ சொன்னதை இன்னும் மனசுக்குள் வைத்துப் புழுங்குகிறாயா? அப்படியானால் அயாமி சாத்தோவைப் பற்றிக் கேள்.

1989-இல் ஜப்பானின் நீகாத்தாவில் பிறந்தவர், பேஸ்பால் பிட்சர், அதாவது பந்தெறிபவர். ஆண்களின் பெரிய லீக்குகளில் மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் பந்து பறக்கும். சாத்தோவின் பந்து 125-ஐ ஒட்டித்தான் வரும். குறைந்த அந்த 25 கிலோமீட்டரை எண்ணி அவர் அழுதுகொண்டு உட்காரவில்லை. கையில் இருந்ததைத் தீட்டினார். விரல்களால் சுழற்றிவிடும் கர்வ்பால் அவர் ஆயுதமானது. பிட்சருக்கும் பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே 18.44 மீட்டர். அதற்குள் அந்தப் பந்து உயரமாகக் கிளம்பி, பேட்டர் மட்டையைச் சுழற்றும் நேரத்தில் வளைந்து கீழே இறங்கிவிடும்.

2014-இல் மியாசாகி, 2016-இல் தென்கொரியா, 2018-இல் ஃபுளோரிடா. இந்த மூன்று பெண்கள் பேஸ்பால் உலகக் கோப்பைகளையும் ஜப்பான் வென்றது. மூன்றிலும் தொடரின் சிறந்த வீராங்கனை சாத்தோதான். எனக்கு முதல் விருதைவிட மற்ற இரண்டும்தான் பெரிது. 2014-க்குப் பிறகு அந்தக் கர்வ்பால் யாருக்கும் ரகசியம் இல்லை. தெரிந்த பந்தாலேயே எதிரணியைத் திணறடிப்பதுதான் திறமை!

ஆனால் அவர் ஆடிய ஜப்பான் பெண்கள் தொழில்முறை லீக், 2010-இல் தொடங்கி பன்னிரண்டு ஆண்டுகூட முழுசாக நீடிக்காமல் மூடப்பட்டது. உலகச் சாம்பியன்களுக்குச் சொந்த நாட்டில் சம்பளம் தரும் லீக் இல்லை! நினைத்தாலே கொதிக்கிறது. சாத்தோ பயிற்சியை விட்டாரா? 2025 மே 11 அன்று, 35 வயதில், டொரன்டோவின் கிறிஸ்டி பிட்ஸ் மைதானத்தில் ஆண்கள் அணியான மேப்பிள் லீஃப்ஸுக்காகப் பந்தெறிந்தார். கனடாவின் ஆண்கள் தொழில்முறை பேஸ்பாலில் ஆடிய முதல் பெண் அவர். வேகம் கூடிவிட்டதா? இல்லை. அதே கர்வ்பால், அதே குறி.

நீ இன்னும் யாருடைய வேகத்தோடு உன்னை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறாய்? விடு! உன் கையில் எது சுழல்கிறதோ அதை இன்று மாலையே எடு. மற்றவர் சலித்து வீடு திரும்பிய பிறகும் எறிந்து பழகு. மைதானம் இல்லை என்றால் மொட்டைமாடியில் எறி. அழைப்பு வரும் நாளில் கை தயாராக இருக்கட்டும்.

அழைப்பு வரத்தான் செய்யும். சாத்தோ பள்ளியில் ஆடிய காலத்தில், ஜப்பானின் புகழ்பெற்ற கோஷியன் பேஸ்பால் மைதானத்தில் மாணவிகளுக்கு இறுதிப் போட்டி கிடையாது. 2021 முதல் மாணவிகளின் தேசிய இறுதிப் போட்டி அங்கேதான் நடக்கிறது.