அறத்தொடு நிற்றல்: பால்புதுமை மாணவர்க்கான துணைநிலைப் போராட்டங்கள் எழுப்பும் அறவியல் வினா

தலைவியின் களவொழுக்கத்தைத் தோழி செவிலிக்கு வெளிப்படுத்துதலை ‘அறத்தொடு நிற்றல்’ என்று தமிழ் அகப்பொருள் மரபு குறிக்கிறது. தோழமை என்பது மறை காப்பது. அம்மறையைத் தானே வெளிப்படுத்தும் தோழியின் செயல் எவ்வாறு அறம் எனப் பெயர் பெற்றது என்னும் வினா இத்துறையைப் பயில்வார் எவர்க்கும் எழும். அறமாவது கற்பு, களவு கற்பாக நிலைபெறத் துணைசெய்தலே அறத்தொடு நிற்றல் என்பது உரைமரபு தரும் விடை. ஏறத்தாழ அதே வினா வேறொரு களத்தில், இன்றைய பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் எழுந்துள்ளது. தன்பாலீர்ப்புடையோர், திருநங்கையர், திருநம்பியர் முதலிய பால்புதுமை மாணவர் உடன்பயில்வோரின் கேலிக்கும் வதைக்கும் ஆளாகின்றனர். அவர்க்காகப் பிற மாணவர் ஒன்றுகூடி, நிறம் அணிந்தும் வாய் திறவாதிருந்தும் ஊர்வலம் சென்றும் துணைநிற்கின்றனர். அத்துணைநிலை எப்போது அறமாகிறது, எப்போது வெறுங்காட்சியாக நின்றுவிடுகிறது என்பதை அகமரபின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினாவை ஓர் ஊரில் நிறுத்திப் பார்ப்பது தெளிவு தரும். பெங்களூருவின் கிழக்கே உள்ள வைட்ஃபீல்ட், 1882ஆம் ஆண்டில் மைசூர் மன்னர் பத்தாம் சாமராச உடையார் வழங்கிய நிலத்தில் யூரேசியரும் ஆங்கிலோ இந்தியரும் குடியேற உருவான ஊர். ஆங்கிலேயராலும் முழுதும் ஏற்கப்படாமல், இந்தியராலும் தம்மவராகக் கொள்ளப்படாமல் இடைநின்ற ஒரு மக்கட்பிரிவினர் தமக்கென ஓர் இடம் தேடியதன் விளைவே அவ்வூர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. 1990களின் இறுதியில் பன்னாட்டுத் தொழில்நுட்பப் பூங்கா எழுந்தபின் அதன் தோற்றம் முற்றிலும் மாறியது. இன்று அங்குத் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. பன்னாட்டுப் பாடத்திட்டப் பள்ளிகளும் கன்னட வழி அரசுப் பள்ளிகளும் சில தெருக்கள் இடைவெளியில் நிற்கின்றன. அத்தகைய பகுதிகளின் பெருநிறுவனங்கள் பல, ஆண்டுதோறும் சூன் மாதத்தில் தம் அடையாளச் சின்னத்துக்கு வானவில் நிறம் பூசுவது வழக்கமாகிவிட்டது. அந்நிறுவனத்தில் பணிபுரியும் தந்தைக்கு அலுவலகத்தில் கிடைக்கும் காப்பு, அவர் மகனுக்குப் பள்ளிப் பேருந்தின் பின்னிருக்கையில் கிடைக்கிறதா என்பதே கேள்வி.

மௌனமும் நிறமும்

மாணவர் துணைநிலைப் போராட்டங்களுள் பரவலாக அறியப்பட்டது ‘மௌன நாள்’ ஆகும். 1996ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக மாணவர் இதனைத் தொடங்கினர். கேலிக்கு அஞ்சி வாய்மூடிக் கிடக்கும் மாணவரின் நிலையை உணர்த்த, பிற மாணவர் ஒரு பகல் முழுதும் பேசாதிருப்பது இதன் முறை. அடுத்த ஆண்டே வேறு பல கல்லூரிகளுக்குப் பரவிய இது, பின்னர்ப் பள்ளிகளையும் எட்டியது. 2010ஆம் ஆண்டு அக்டோபரில் கனடா நாட்டு மாணவி ஒருவர் விடுத்த அழைப்பிலிருந்து, ஊதா நிற ஆடை அணியும் நாள் ஒன்று தோன்றியது. (2023ஆம் ஆண்டு முதல் வைட்ஃபீல்டுக்கு ஓடும் மெட்ரோ தடத்தின் பெயரும் ஊதாத் தடம் என்பது தற்செயலே.)

மௌன நாளைப் பள்ளிகளில் நடத்திவந்த அமைப்பே 2024ஆம் ஆண்டில் அதன் பெயரை மாற்றி, மௌனம் வேண்டா என்னும் பொருள்பட அமைத்தது கருதத்தக்கது. ஏறக்குறைய முப்பது ஆண்டுப் பட்டறிவு அப்பெயர்மாற்றத்தில் உள்ளது. மௌனம் இருமுகம் உடையது. துன்புற்றவனின் மௌனத்தைத் தானும் ஏற்பது ஒருமுகம். துன்புறுத்தியவனுக்கு உடன்பாடாக அமைவது மறுமுகம். பார்ப்பவர்க்கு இவ்விரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். வகுப்பில் ஒருவனைப் பெயர்சொல்லி இகழும்போது பேசாதிருந்த அதே மாணவன், குறித்த நாளில் அட்டை ஏந்திப் பேசாதிருந்தால் அவனது இரண்டாம் மௌனம் முதலாவதைக் கழுவிவிடுமா?

இவ்வகையில் 2007ஆம் ஆண்டில் கனடாவின் நோவா ஸ்கோசியா மாநிலப் பள்ளியொன்றில் நடந்தது கூடுதல் தெளிவுடையது. இளஞ்சிவப்புச் சட்டை அணிந்து வந்த ஒன்பதாம் வகுப்பு மாணவனைச் சிலர் தன்பாலீர்ப்பாளன் என்று இகழ்ந்து மிரட்டினர். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் இருவர் கடைக்குச் சென்று 50 இளஞ்சிவப்புச் சட்டைகளை வாங்கிவந்து மறுநாள் பள்ளியில் பகிர்ந்தளித்தனர். அவன் உண்மையில் யார் என அவர்கள் கேட்கவில்லை; கேட்க வேண்டிய தேவையும் எழவில்லை. இகழ்ச்சிக்குக் காரணமான குறியைத் தாமும் ஏற்று, அதன் கூர்மையை மழுக்கினர். மறை எதுவும் வெளிப்படாமலேயே துணைநிற்றல் நிகழ்ந்தது.

பெயரிடுதல் என்னும் வன்முறை

தமிழ்ப் பள்ளி வளாகங்களில் இக்கேலி பெரும்பாலும் சொல்லாகவே தொடங்குகிறது. நடையிலோ குரலிலோ மென்மையுடைய சிறுவனை ‘ஒன்பது’ என்பதும், ‘அது வருது பார்’ என அஃறிணையாற் சுட்டுவதும் எவரும் கேட்டறிந்தவையே. அகத்திணை மரபு ஊரார் பழிச்சொல்லை அம்பல், அலர் என இரண்டாகப் பகுத்திருப்பது இங்குப் பயன்படுகிறது. சிலரிடை முகிழ்த்துப் பரவாத முணுமுணுப்பு அம்பல். பலரறியப் பரந்துபட்டது அலர். பள்ளியில் அம்பல் அலராக மாற ஓர் இடைவேளை போதும். கைப்பேசி வந்தபின் அதுவும் வேண்டுவதில்லை.

‘அது’ என்னும் சுட்டு இலக்கண நோக்கிலும் பிழையானது என்பதைத் தமிழறிஞர் எடுத்துச்சொல்லக் கடமைப்பட்டவர். பேடி முதலிய, ஆண்மை திரிந்த பெயர்நிலைச் சொற்களைத் தொல்காப்பியச் சொல்லதிகாரம் உயர்திணையிடத்தே வைத்துப் பேசுகிறது. அவற்றுக்கெனத் தனி ஈறு இல்லை, உயர்திணைப் பாலுக்குரிய ஈறுகளையே அவை கொள்ளும் என்கிறது. அந்நூற்பாவிலிருந்து இன்றைய உரிமைக் கருத்துகள் அனைத்தையும் வருவிக்க முயல்வது மிகையாகும். பழந்தமிழகம் அவர்களை மதித்து நடத்தியது எனப் பொதுவாகச் சொல்லிவிடவும் சான்றுகள் இடந்தரா. எனினும் மக்கட்சுட்டினின்று அவர்களை இலக்கணம் வெளியேற்றவில்லை. வெளியேற்றுவது வகுப்பறையின் வழக்கு.

யுனெஸ்கோ நிறுவனம் 2019இல் வெளியிட்ட, தமிழகத்துப் பால்புதுமை இளைஞரிடையே நிகழ்ந்த ஆய்வு இதன் அளவை ஓரளவு காட்டுகிறது. நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் தாம் உடல்வழித் தாக்கப்பட்டதாக 60 விழுக்காட்டினர் கூறினர். அதனைப் பள்ளி நிருவாகத்திடம் தெரிவித்தோர் 18 விழுக்காட்டினரே. இவ்விரண்டாம் எண்ணே இக்கட்டுரைப் பொருளுக்கு முதன்மையானது.

வெறியாட்டும் வெளிப்படுத்தலும்

தோழி எப்போது அறத்தொடு நிற்கிறாள்? தலைவியின் மெலிவுக்குக் காரணம் அறியாத தாய், அதனை முருகணங்கு எனக் கருதி வேலனை அழைத்து வெறியாட்டு அயரும்போது. அயலார் மணம் பேச வரும்போது. வீட்டினுள் காவல் செறியும்போது. நோயல்லாத ஒன்றை நோயெனக் கருதிச் செய்யும் மருத்துவம், விரும்பாத மணம், இற்செறிப்பு ஆகிய இம்மூன்றும் இன்று பால்புதுமை இளையோர் தம் வீட்டில் எதிர்கொள்வனவற்றோடு ஒத்திருத்தல் வியப்புக்குரியது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த பெண்கள் இருவர் காப்புக் கோரிய வழக்கில், சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021ஆம் ஆண்டு சூன் 7ஆம் நாள் பிறப்பித்த ஆணை, பாலீர்ப்பை மாற்றுவதாகக் கூறிச் செய்யப்படும் மருத்துவ முறைகளுக்குத் தடை விதித்தது. ஆணைக்கு முன் அந்நீதிபதி தாமே உளவியல் அறிஞர் ஒருவரிடம் அமர்ந்து இப்பொருள் பற்றிக் கற்றுக்கொண்டார். வெறியாட்டை நிறுத்தும் அதிகாரமுடையவர் முதலில் கேட்கத் தெரிந்தவராக இருந்தார் என்பதே அதன் சிறப்பு.

வெளிப்படுத்தும் முறையிலும் மரபு கவனம் மிக்கது. தொல்காப்பியப் பொருளியல் அறத்தொடு நிற்றலை எழுவகைப்படுத்துகிறது. உள்ளதை உள்ளவாறே உரைத்தல் அவ்வேழனுள் ஒன்று மட்டுமே. ஏனையவை சுற்றிவளைத்துச் சொல்வன, குறிப்பால் உணர்த்துவன. உரிய காலம் வந்தாலன்றித் தோழி இதனைச் செய்வதில்லை என்பதும் அவ்வியலிற் காணப்படுகிறது. பிற்கால நம்பியகப்பொருள் இதற்கொரு வரிசையும் தருகிறது. தலைவி பாங்கிக்கும், பாங்கி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தை தமையர்க்கும் அறத்தொடு நிற்பர். தலைவி வாய்திறவாமல் அடுத்தவர் தொடங்குதற்கு இடமில்லை.

இவ்விதிகள் இன்றைய போராட்டத்துக்கு இரு வரையறைகளைத் தருகின்றன எனலாம். முதலாவது, எவர் பொருட்டு நிற்கிறோமோ அவரது மறை அவருக்கே உரியது. நல்லெண்ணத்தோடு ‘எங்கள் வகுப்பில் இன்னார் இருக்கிறார்’ என மேடையேறிச் சொல்லும் துணைவன், அலர் தூற்றுவோனின் செயலையே வேறு குரலில் செய்கிறான். 2008ஆம் ஆண்டு சூன் 29ஆம் நாள் பெங்களூரு, தில்லி, கொல்கத்தா ஆகிய நகரங்களில் ஒரே நாளில் பால்புதுமையினர் பெருமித ஊர்வலங்கள் நிகழ்ந்தபோது, தில்லியில் முகமூடி அணிந்து நடந்தோரும் உண்டு. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு அன்று முழு வலிமையோடிருந்தது. உச்சநீதிமன்றம் அதன் பிடியிலிருந்து தன்பாலுறவை விடுவித்தது 2018ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாளிலேதான். முகம் மறைத்தும் நிற்க முடியும், நின்றதும் பொய்யாகாது என்பதற்கு அம்முகமூடிகள் சான்று. அந்நாளில் அவற்றைக் கோழைமை என்று பழித்தோர் நிலைமையை அறியாதவரே.

இரண்டாவது வரையறை கடினமானது. நட்பின் பயன் கூடிச் சிரித்து மகிழ்வதன்று. நண்பன் எல்லை கடக்கும்போது முற்பட்டு அவனைக் கடிந்துரைப்பதே என்பது திருக்குறள் நட்பதிகாரத்தின் கருத்து. துன்புற்றவன் பக்கம் நிற்பது ஒருநாளில் நிகழ்ந்துவிடலாம். இகழ்ந்தவன் தன் நண்பனாயின், அவனிடம் தனியே சென்று ‘நீ செய்தது தவறு’ எனச் சொல்வதற்கு நட்பையே பணயம் வைக்க வேண்டும். ஊதாச் சட்டைக்கு அத்தகைய விலை இல்லை. ஆயினும் சட்டை பயனற்றது என்றாகாது. ஐம்பது பேர் ஒரே நிறத்தில் வந்த வளாகத்தில், தனியே கடிந்துரைக்கப் போகும் ஒருவனுக்குத் துணிவு எளிதில் வரும்.

இவையெல்லாம் மேனாட்டு இறக்குமதி, வைட்ஃபீல்ட் போன்ற செல்வச் சூழலுக்கு மட்டும் உரியவை என்னும் மறுப்பு அடிக்கடி எழுகிறது. மௌன நாளும் ஊதா ஆடையும் அயல்நாட்டில் தோன்றியவை என்பது உண்மையே. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டமும் அவ்வாறே வந்தது. கேலி மட்டும் முற்றிலும் உள்ளூர்ச் சரக்காக இருக்க, அதற்கு மாற்று எங்கிருந்து வந்தது என்று ஆராய்வதில் பொருளில்லை.

சிறார்க்கு இப்பொருள் பற்றி ஏன் சொல்ல வேண்டும் என்னும் பெற்றோரின் தயக்கம் இதனினும் மதிக்கத்தக்கது. ஆனால் இகழ்ச்சிச் சொற்களைச் சிறார் எவரும் கற்பிக்காமலே கற்றுள்ளனர். ஆசிரியர் பேசாவிடின் அச்சொற்களே அவர்களது பாடநூலாகும். 2021ஆம் ஆண்டு நவம்பரில், பள்ளிக்கல்வியில் திருநர் குழந்தைகளை உள்ளடக்குவது குறித்துத் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் வெளியிட்ட ஆசிரியர் கையேடு, எதிர்ப்பு எழுந்தவுடன் சில நாள்களிலேயே இணையத்தளத்தினின்று நீக்கப்பட்டது.

கேட்போர் யார்?

தோழி செவிலியின் மகள் என்பது தொல்காப்பியக் களவியல் தரும் செய்தி. அறத்தொடு நிற்றல் பயன்தரக் காரணம் தோழியின் நாவன்மை மட்டுமன்று. அவள் பேசுவது தன் தாயிடம். கேட்பவள் முன்னரே அன்புடையவள். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளும் அத்தகைய ஒரு பேச்சே. செவிலி அதில் ஒருசொல்லும் மறுமொழி கூறுவதில்லை, கேட்டிருக்கிறாள்.

18 விழுக்காட்டினரே முறையிட்டனர் என்னும் செய்தியை இங்கு மீளவும் நோக்கவேண்டும். ஏனையோர் சொல்லத் துணியாதவர் என்பதைவிட, கேட்போரைக் காணாதவர் என்பதே பொருத்தம். உயர்கல்வியில் நிலைமை சற்று மேம்பட்டுள்ளது. 1996ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு கொலையுண்டதன் விளைவாகத் தமிழ்நாடு 1997இல் பகடிவதைத் தடைச் சட்டம் இயற்றியது. பல்கலைக்கழக மானியக் குழு 2016இல் தன் விதிமுறையைத் திருத்தி, பாலினம், பாலீர்ப்பு ஆகியவற்றைக் காரணமாக்கி ஒரு மாணவரைத் துன்புறுத்துவதும் ஒதுக்குவதும் பகடிவதையே எனச் சேர்த்தது. பள்ளிகளைப் பொறுத்தவரை, கேலிவதைத் தடுப்புக் குழு அமைக்குமாறு நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் 2015இல் சுற்றறிக்கை விடுத்தது.

அதற்கு ஏழாண்டுகளுக்குப் பின், 2022ஆம் ஆண்டு பிப்ரவரியில், அரியானா மாநிலம் பரிதாபாதில் பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் உயிர்நீத்தார். பாலீர்ப்பைக் காரணங்காட்டி உடன்பயின்றோர் அவரைத் துன்புறுத்தியதாகவும், பள்ளியிடம் முன்னரே முறையிட்டதாகவும் அவருடைய தாய் காவல்துறையில் அளித்த முறையீட்டில் கூறினார். அத்தாய் அதே பள்ளியின் ஆசிரியர். செவிலியும் நற்றாயும் ஒருவராகவே அமைந்த நிலை அது. மகன் தாயிடம் சொன்னான், தாய் கேட்டாள், கேட்டதை மேலும் எடுத்துச் சென்றாள். நம்பியகப்பொருள் கூறும் வரிசையில் நற்றாய்க்கு அப்பால் தந்தையும் தமையரும் நிற்கின்றனர். பள்ளியில் அவ்விடத்தில் நிருவாகமும் வகுப்பறை முழுதும் நிற்கின்றன.