விதி பார்ப்பவருக்கு மனசு இல்லையா?

போன மாதம் நம் இளைஞர் வகுப்பில் ஒரு தம்பி கேட்டார்: "ரூல்ஸ் ரூல்ஸ்னு பேசுறவங்க எல்லாம் மனசாட்சியை வீட்டுல வச்சிட்டு வந்தவங்களா அக்கா?" எல்லாரும் சிரித்தோம். கேள்வி மட்டும் என்னை விடவில்லை. என் வேலையே ஒரு விதிக்குக் காவல் இருப்பதுதான்.

ஒரு மருத்துவமனையின் திசுப் பரிசோதனைக் கூடத்தில், மாதிரிகளைப் பெறும் கவுண்டருக்கு நான் பொறுப்பு. என்னோடு நான்கு பேர். அறுவை அறையிலிருந்தும் வார்டுகளிலிருந்தும், உடம்பிலிருந்து எடுத்த துண்டுகள் ஃபார்மலின் ஊற்றிய போத்தல்களில் எங்களிடம் வரும். அரிசி மணி அளவு பயாப்ஸியும் வரும். சர்க்கரை நோயால் எடுத்த காலும் வரும். போத்தலில் உள்ள பெயரும் ஐசி எண்ணும் பாரத்தோடு ஒத்துப்போகிறதா, ஃபார்மலின் திசுவைப் போல 10 மடங்காவது இருக்கிறதா என்று பார்த்து, ஓர் எண் கொடுத்து உள்ளே அனுப்புவோம். மெழுகில் பதித்து, மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி, டாக்டர் மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

கோயிலில் அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் கேட்பார்கள் அல்லவா? எங்களுக்கும் இரண்டு அடையாளம் வேண்டும். பெயர் மட்டும் போதாது. நம்ம ஆளுங்க பெயரைப் பற்றித் தெரியாதா! ஒரே வார்டில் இரண்டு லெட்சுமி இருப்பார்கள். இரண்டு பேருக்கும் அப்பா பெயர் முனியாண்டியாகவே அமைந்துவிடும். ரூமி எழுத்தில் அந்த லெட்சுமியை ஐந்து விதமாக எழுதுவார்கள். 12 இலக்க ஐசி எண்தான் அவர்களைப் பிரித்துக் காட்டும்.

சரி, பெயரே ஒட்டாத போத்தல் ஒன்று வருகிறது. விதிப்படி ஏற்கக்கூடாது. ரத்தமாக இருந்தால் சிக்கலில்லை, மறுபடி குத்தி எடுத்துவிடலாம். திசு அப்படியில்லை. முழுதாக வெட்டியெடுத்த கட்டியை இரண்டாம் தடவை எங்கே போய் வெட்டுவது? எண்டோஸ்கோப்பி செய்த பெரியவரை மறுபடியும் பட்டினி போட்டுப் படுக்க வைக்க வேண்டும். போனில் மிஸ்ஸி அழுகிறார்: "அது அந்த அங்கிளோடதுதான், எனக்கு நல்லா தெரியும். நீங்களே எழுதிடுங்களேன்." பக்கத்தில் நிற்கும் எங்கள் பையன் மெதுவாகச் சொல்கிறான், "பாவம்க்கா, எழுதிட்டா என்ன?"

வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு தங்கை வள்ளுவரைத் துணைக்கு அழைத்தார். குற்றமில்லாத நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும் என்று வாய்மை அதிகாரத்தில் இருக்கிறதே என்றார். நல்ல கேள்வி. ஆனால் வள்ளுவர் போட்ட நிபந்தனையைப் பாருங்கள். நன்மை வரவேண்டும், அதில் குற்றமும் இருக்கக்கூடாது. கவுண்டரில் நிற்கிற எனக்கு அது எப்படித் தெரியும்? போத்தல் மாறினால் கெடுவது ஒருவர் அல்ல, இருவர். நோயே இல்லாதவர் அறுவைக்குப் போவார். புற்றுநோய் உள்ளவர் "ஒண்ணுமில்ல" என்ற காகிதத்தோடு வீட்டுக்குப் போவார். மிஸ்ஸியின் அழுகை என் காதில் விழுகிறது. அந்த இரண்டு பேர் பேசுவது விழுவதில்லை. நம் இரக்கம் பெரும்பாலும் சத்தம் வருகிற பக்கமாகத்தான் சாய்கிறது. யாரும் அழாத நேரத்தில் நிதானமாக உட்கார்ந்து எழுதிய விதி, சத்தம் போட முடியாதவருக்காகப் பேசுகிறது. அதனால் பையனிடம் "வேணாம்" என்றுதான் சொல்வேன்.

அதற்காக அந்தத் தம்பி கேட்டது தப்பு என்று சொல்ல மாட்டேன். வேறோர் இடத்தில் பார்த்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும். பாரத்தில் ஒரு கட்டம் நிரப்பவில்லை என்று போத்தலைத் தள்ளி வைத்துவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு கிளம்புவார் ஒருவர். உள்ளே ஃபார்மலின் இருக்கிறதா என்றுகூடப் பார்க்க மாட்டார். ஃபார்மலின் இல்லாத திசு தானாகவே சிதையத் தொடங்கும். திங்கட்கிழமை அதில் பார்க்க உருப்படியாக ஒன்றும் மிஞ்சாது. கேட்டால், "என் கடமையை செஞ்சேன், பலனை எதிர்பார்க்கல" என்று கீதையைக் காட்டுவார். பலனில் பற்று வைக்காதே என்பதற்கு, யார் எக்கேடு கெட்டால் என்ன என்றா பொருள்? எங்கள் வேலையில் பலன் உண்மையிலேயே கண்ணில் படுவதில்லை. நோயாளியின் முகம் தெரியாது. குணமாகிப் போனவர் யாரும் கவுண்டருக்கு வந்து நன்றி சொல்வதுமில்லை. பற்றில்லாமல் வேலை செய்ய நல்ல இடம்தான். பொறுப்பில்லாமல் இருந்தாலும் இங்கே யாருக்கும் தெரியாது என்பதுதான் ஆபத்து.

ஆகவே என் குழுவில் யாராவது ஒரு போத்தலை ஏற்கவில்லை என்றால், "அப்புறம் என்ன செஞ்சே?" என்றுதான் கேட்பேன். ஃபார்மலின் போதவில்லை என்றால் முதலில் ஊற்ற வேண்டும். போத்தலைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். மார்பகத் திசுவாக இருந்தால் ஃபார்மலினில் போட்ட நேரத்தைக் கேட்டு எழுத வேண்டும்; ஹார்மோன் ஏற்பிச் சோதனைகளுக்கு அது 6 மணி நேரத்துக்குக் குறையவும் கூடாது, 72 மணி நேரத்தைத் தாண்டவும் கூடாது. திசுவை எடுத்த டாக்டரே நேரில் வந்து, பார்த்து, எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். அவரைப் பிடிக்கப் பத்து போன் ஆகும். சில நாள் அதற்கே ஒரு மணி நேரம் போய்விடும். எழுதிக் கொடுப்பதைவிட இதில் வேலை அதிகம் என்பதைப் பையன் இப்போது தெரிந்துகொண்டான்.

ஒருமுறை அப்படி வந்த டாக்டர், போத்தலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பேனாவைக் கேட்டார். கையெழுத்து கிடைத்துவிடும், விதியும் நிறைவேறிவிடும். "டாக்டர், ஒரு தடவை பாருங்க" என்றேன். முகம் சுளித்தார். பிறகு போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். எந்தப் பக்கம் மேல் என்று காட்ட அவர் தைத்துவிட்ட நூல், கட்டியின் ஓரத்தில் அப்படியே இருந்தது. "என்னோடதுதான்" என்றார். பேனாவைக் கொடுத்தேன். பெயர் பின்னர் ஒட்டப்பட்டது என்ற குறிப்பும் அறிக்கையோடு போகும் என்று சொன்னேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை. குறிப்பு போனது.