வளர்த்த கை

கடையில் வாரந்தோறும் கோழிக்கறி வாங்கிச் சமைக்கும் குடும்பம், அதே கறிக்காக முதன்முறையாகக் குஞ்சு வாங்கி வளர்க்குமானால், அறுக்க வேண்டிய நாளில் இதுவரை இல்லாத ஒரு தயக்கம் வந்து நிற்கிறது. வைகையின் தென்கரையில் வீடுகள் நெருங்கி நிற்கும் ஆரப்பாளையம் போன்ற பகுதியில், மொட்டைமாடியில் பத்துப் பதினைந்து குஞ்சுகளை வளர்ப்பவருக்கு நாற்றம், பூனை, பக்கத்து வீட்டார் முகச்சுளிப்பு ஆகிய கவலைகளோடு இதுவும் சேர்ந்துகொள்கிறது. தீனி வைத்த கையே கழுத்தை அறுப்பது, முகம் தெரியாத ஒருவர் அறுத்ததை வாங்கி உண்பதைவிடப் பெரிய பாவமா, அல்லது பாவம் ஒன்றேயாக, ஒன்றில் அது கண்ணில் படுகிறது, மற்றதில் படவில்லை என்பதுதான் வேறுபாடா?

மதுரையைச் சூழ்ந்த குன்றுகளில், கீழக்குயில்குடிச் சமணமலை முதல் ஆனைமலை வரை, தீர்த்தங்கரர் சிற்பங்களை விட்டுச்சென்ற சமணர்களின் விடை கறாரானது. தானே செய்தல், பிறரைக்கொண்டு செய்வித்தல், பிறர் செய்ததற்கு உடன்படுதல் என்னும் மூன்று வழிகளிலும் கொலைவினை உயிரைப் பற்றும் என்பது அவர்கள் கோட்பாடு. அதன்படி வளர்த்து அறுத்தவரும் வாங்கி உண்டவரும் ஒரே ஏட்டில்தான் வருகின்றனர். பௌத்த விநயம், அதாவது துறவியருக்கான ஒழுக்க விதித் தொகுப்பு, வேறு வழியில் சென்றது: தனக்காகவே கொல்லப்பட்டது என்பதைக் காணாமலும், கேளாமலும், அவ்வாறு ஐயுறாமலும் இருந்தால், பிச்சைப் பாத்திரத்தில் விழுந்த ஊனைத் துறவி உண்ணலாம் என்றது. இவ்விதியைக் கறிக்கடை வரை நீட்டினால், வாங்கியவர் தப்புகிறார், வளர்த்தவர் மாட்டிக்கொள்கிறார். ஆனால் விதி இரந்துண்பவருக்கு உரியது; இரப்பவர் எதையும் கேட்டு வாங்குவதில்லை, விலை கொடுப்பவரோ இன்றைய கோழிக்குத் தரும் பணத்தாலேயே நாளைய கோழியையும் வரவழைக்கிறார். திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரம் உண்பவருக்கும் விற்பவருக்கும் இடையிலான இந்தக் கொடுக்கல் வாங்கலை நேராகவே சுட்டுகிறது. பௌத்தரின் ஊனுண்ணலை நீலகேசி என்னும் சமணத் தருக்க நூலும் கடுமையாகச் சாடுகிறது.

கோழியைப் பொறுத்தவரை சமண இலக்கியத்தின் மிகக் கூரிய சிந்தனை யசோதர காவியத்தில் உள்ளது. ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றான அந்நூலில், மன்னன் யசோதரன் உயிர்ப்பலிக்கு அஞ்சி, தாயின் வற்புறுத்தலுக்கு இணங்கி, மாவினால் செய்த சேவல் ஒன்றைத் தேவிக்கு வெட்டுகிறான். ஒரு துளி குருதியும் சிந்தாத அந்தச் செயலுக்காகத் தாயும் மகனும் விலங்காகவும் பறவையாகவும் பல பிறவிகள் எடுத்து, அவற்றின் முடிவில் கோழிகளாகவே பிறந்து அம்பு பட்டு மடிகின்றனர். நீலகேசியிலோ, உயிர்ப்பலிக்கு வந்தவர்களிடம் முனிச்சந்திரர் என்னும் சமண முனிவர், மண்ணால் செய்த உருவத்தைத் தேவிக்கு வைத்தாலே போதும் என்கிறார். ஒரு நூல் பரிந்துரைத்ததை மற்றொரு நூல் தண்டிப்பதுபோலத் தோன்றினாலும், முரண் மேற்போக்கானதே: மண்ணுருவம் படைக்கப்படுகிறது, மாச்சேவல் வெட்டப்படுகிறது. வெட்டும்போது வெட்டுபவர் மனத்தில் இருந்தது உயிருள்ள சேவல்தான். இதனையே சமணர் சங்கற்ப இம்சை, அதாவது கொல்ல வேண்டும் என்ற கருத்தோடு செய்யும் தீங்கு, எனப் பிரித்துக் காட்டினர். வினை கத்தியில் தொடங்குவதில்லை, கருத்தில் தொடங்குகிறது.

கிராமத் தெய்வ வழிபாடு இந்தக் கருத்தை ஒளிப்பதில்லை, ஊரறியச் சொல்லிவிடுகிறது. குஞ்சாக இருக்கும்போதே சாமிக்கு நேர்ந்துவிட்ட சேவல் எதற்காக வளர்கிறது என்பது வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். மதுரைப் பாண்டிகோயிலில் முனீஸ்வரருக்குச் சைவப் படையலும் சமயக்கருப்புக்குக் கிடாயும் சேவலுமாகப் பிரித்து வைத்திருப்பதே, கொலையை எல்லாத் தெய்வத்தின் முன்னும் கொண்டுசெல்ல இயலாது என்ற கூச்சத்தின் அடையாளம் எனலாம். திருமங்கலம் வட்டாரத்து வடக்கம்பட்டியில், முனியாண்டி விலாஸ் என்ற பெயரில் பல ஊர்களில் அசைவ உணவகம் நடத்துவோர் ஆண்டுதோறும் கூடி, காணிக்கையாக வந்த ஆடுகளையும் சேவல்களையும் பிரியாணியாக்கி வந்தவர் அனைவருக்கும் வழங்குகின்றனர். பலியிடும் முன் ஆட்டின் மீது மஞ்சள் நீர் தெளித்து, அது உடலைச் சிலிர்த்துத் தலையாட்டும் வரை காத்திருப்பதைத் துலுக்குதல் என்பர். தெய்வமும் ஆடும் சம்மதித்ததற்கு அது சான்றாம். காதில் தண்ணீர் பட்டால் எந்த ஆடும் தலையை உதறும் என்பதால் சான்று வலுவற்றது. ஆயினும் காத்திருப்பதில் பொருள் உண்டு. சம்மதம் தேவை என்று ஒப்புக்கொள்பவர்தான் அதற்காகக் காத்திருப்பார். கோயில்களில் விலங்கு, பறவை பலியைத் தடைசெய்த 1950ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தமிழக அரசு 2003இல் கண்டிப்பாகச் செயல்படுத்த முனைந்து, எதிர்ப்பு வலுக்கவே 2004இல் சட்டத்தையே நீக்கிக்கொண்டது. தடை நடப்பில் இருந்த மாதங்களிலும் கறிக்கடைகளுக்கு ஒரு தடையும் இல்லை. கொல்வது குற்றமாகவில்லை, சாமி பார்க்கக் கொல்வதே குற்றமாயிற்று.

இந்த மரபுகள் எதுவும் காணாத ஒரு பறவை இன்று மாடிக் கூண்டில் நிற்கிறது. பிராய்லர் குஞ்சை உமி பரப்பிய தரையில் விட்டு, முதல் வாரம் ஏறத்தாழ 35 டிகிரி வெப்பம் கிடைக்குமாறு விளக்கைத் தாழ்த்திக் கட்டி, வெள்ளைக்கழிச்சல் வராதிருக்கக் கண்ணில் சொட்டு மருந்திட்டுக் காப்பாற்றுபவர், ஆறாவது வாரத்தில் இரண்டு கிலோ எடையுள்ள கோழி தீனித்தட்டின் அருகிலேயே மார்பு தரையில் படிய உட்கார்ந்து தின்பதைக் காண்கிறார். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1957ஆம் ஆண்டு இனத்தையும் 2005ஆம் ஆண்டு இனத்தையும் ஒரே தீனியில் வளர்த்து 56ஆம் நாளில் நிறுத்துப் பார்த்தபோது, முன்னது 905 கிராமும் பின்னது 4,202 கிராமும் இருந்தன. மனம் இளகி அதனை அறுக்காமல் விட்டு, வழக்கம்போல வயிறு நிறையத் தீனி வைத்துவந்தால், எடையைத் தாங்காமல் கால் மடங்குவதும், இதயம் தளர்ந்து வயிற்றில் நீர் கோப்பதும் பெரும்பாலும் நேரும். நேர்ந்துவிட்ட சேவலைக்கூட அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போட இயலும். நாட்டுக்கோழியான சிறுவிடையை முட்டைக்கென்று வைத்துக்கொண்டால் அது ஆண்டுக்கணக்கில் கொத்தித் திரியும். பிராய்லரிடம் இரக்கம் காலங்கடந்தே வந்து சேர்கிறது, ஏனெனில் அதன் முடிவு முட்டைக்குள் இருக்கும்போதே இனப்பெருக்கக் கணக்கில் எழுதப்பட்டுவிட்டது.

எனவே அறுப்பு நாளின் தயக்கம் நேர்மையானதே என்றாலும் தவறான நாளில் வருகிறது. யசோதரனின் மாச்சேவலை அளந்த கோலால் அளந்தால், கருத்து தோன்றிய இடம் குஞ்சுப் பெட்டிக்குப் பணம் கொடுத்த இடம். சிறுவிடையா பிராய்லரா என்று தேர்ந்ததும் அங்கேதான். கடைக்கறி வாங்குபவரும் அந்தத் தேர்வை ஒவ்வொரு வாரமும் செய்கிறார், ஆனால் குஞ்சைப் பார்ப்பதில்லை. வளர்ப்பவர் பார்த்துவிட்டதால் அவருக்குப் பாவம் கூடிவிடவில்லை. கை நடுங்குவோர் வளர்த்த கோழியைக் காலைக் கட்டித் தெருமுனைக் கடைக்குக் கொண்டுபோய், அறுப்புக் கூலி கொடுத்து, கறியாக வாங்கி வருவதும் உண்டு. அந்தக் கூலியைச் சமணர் கணக்கு செய்வித்தல் என்னும் இரண்டாம் வழியில் பற்று வைக்கும்.